ஹார்ட் டிஸ்கோடு போன ஒன்பது வருஷம்

குமுளி
ஐப்பசி மழை நாள்

அன்புள்ள மாப்ளே,

மெயில் பார்ப்பதைப் பற்றிக் கேட்கத் தபாலில் எழுதியவன் இந்தக் காலத்தில் நீ ஒருத்தன்தான். கடிதம் மூன்று நாளில் வந்து சேர்ந்தது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மழையால் எஸ்டேட்டில் கை வைக்க முடியவில்லை. ஏலக்காய் எடுக்க ஆள் வந்தும் சும்மா உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகிறார்கள்.

புது லேப்டாப்பில் மெயில் படிக்கும் தண்டர்பேர்டு மென்பொருளைப் போட்டால் ஐமேப்பா, பாப்3-யா என்று கேட்கிறது, எதை அமுக்க என்று கேட்டிருந்தாய். இரண்டும் சர்வரிலிருந்து, அதாவது மெயில் கம்பெனியின் கம்ப்யூட்டரிலிருந்து, மெயிலை எடுக்கும் வழிகள். ஐமேப்பை அமுக்கு. ஏன் என்று சொல்ல என் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

கடைப் பெயரில் வாங்கிய மெயிலை நான் பாப்3-யில்தான் வைத்திருந்தேன். சர்வரில் இடம் கொஞ்சம்தான். அதனால் நகலைச் சர்வரில் விட்டு வைக்கவா என்று கேட்கும் இடத்தில் டிக்கை நானே எடுத்துவிட்டேன். மெயில் வந்ததும் என் கம்ப்யூட்டருக்கு இறங்கும், சர்வரில் அழிந்துவிடும். புற்றடி ஏலக்காய் ஏலத்துச் சீட்டுகள், சரக்கு அனுப்பிய பில்கள், உன் பழைய மெயில்கள், எல்லாம் அந்த ஒரே மேசைக்கு அடியில். அப்புறம் ஒரு ஐப்பசி, இங்கே மலையாளிகள் துலாவர்ஷம் என்பது, சாயங்காலம் நாலு மணிக்கு ஓர் இடி. பிளக்கைப் பிடுங்கப் பையனிடம் சொல்லி வாய் மூடவில்லை, கருகல் வாடை வந்துவிட்டது. ஒன்பது வருஷம் போச்சு. பாப்3 மேல் பழி போட மாட்டேன். அது சொன்னதைச் செய்தது, நான்தான் நகல் வைக்கவில்லை.

நாம் அரை டிராயரோடு ஆற்றில் குதித்துக்கொண்டிருந்த 1984-ல் பாப் முதல் வடிவம் வந்தது. ஒரே இடத்தில் உட்கார்ந்து, எப்போதாவது போன் லைனில் இணைந்து மெயிலை அள்ளிக்கொள்கிறவனுக்கு அது சரிதான். 1986-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் என்பவர் ஐமேப்பைத் தொடங்கினார். மெயில் சர்வரிலேயே இருக்கும், போனோ லேப்டாப்போ அதை எட்டிப் பார்க்கும். தேக்கடியில் தேங்கிய தண்ணீர் லோயர் கேம்ப் குழாயில் இறங்குகிற மாதிரி, ஆனால் அணை வற்றாது. (இந்த உவமையை இங்கே டீக்கடையில் சொல்லாதே, அணை என்றாலே இரண்டு பக்கமும் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.)

எனக்கு இன்னொரு லாபம் உண்டு. இந்த மலையடியில் சிக்னல் ஒரு கோடு வரும், ஒரு கோடு போகும். ஐமேப்பில் அனுப்பியவர் பெயரும் தலைப்பும் முதலில் வந்துவிடும், பெரிய பி.டி.எஃப் நான் திறக்கும்போது இறங்கினால் போதும்.

ஆனால் ஐமேப்பைப் பத்திரப் பெட்டி என்று நினைத்துவிடாதே. சின்னவள் என் போனில் கேம் விளையாடும் சாக்கில் ஒரு கட்டு மெயிலை அழித்தாள், கம்ப்யூட்டரிலும் காணோம். ஜிமெயில் கணக்கு என்பதால் குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், மீட்டேன். அதனால் மாசம் ஒரு தடவை முக்கியமான மெயில்களைத் தண்டர்பேர்டின் லோக்கல் போல்டருக்கு (அது சர்வரில் இல்லை, கம்ப்யூட்டரிலேயே இருக்கும்) காப்பி செய்து, அந்தப் போல்டரைப் பென் டிரைவிலும் ஏற்றிவிடுகிறேன். இடி மழைக்கு முன்னால் டிரைவைக் கழற்றி எடுத்துவிடுவேன்.

பிரௌசரில் திறப்பதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள். பிரௌசிங் சென்டரில் திறந்தால், வெளியே வரும்போது லாக் அவுட் செய்துவிட்டாயா என்று இரண்டு தடவை பார். அப்புறம் ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ்ஸை மட்டும் நம்பினால் இங்கே வந்து தங்கும்போது மாட்டிக்கொள்வாய். சிக்னல் இல்லாத இடத்துக்கு எஸ்.எம்.எஸ் எப்படி வரும்? நெட் இல்லாமலே எண் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப் ஒன்று போட்டுக்கொள். ஓ.டி.பி.க்குப் பதிலாகப் போட ஜிமெயில் தரும் பத்து பேக்கப் எண்களையும் ஒரு தாளில் எழுதி டைரிக்குள் வை. ஓர் எண் ஒரு தடவைதான் செல்லும்.

போனுக்கும் தண்டர்பேர்டு வந்துவிட்டது, 2024-ல். முன்பு கே-9 மெயில் என்று இருந்ததுதான். நான் அதையே வைத்திருக்கிறேன், பிடிக்காவிட்டால் போனோடு வந்த ஆப்பும் மோசமில்லை.

ஒன்று மறக்காதே: பழைய லேப்டாப்பை இப்போதே விற்றுவிடாதே. அதில் பாப்3-யில் இறங்கிய பழைய மெயில் இருக்கும். அதிலும் இதே கணக்கை ஐமேப்பில் சேர்த்துக்கொண்டு, பழைய மெயிலை அந்த ஐமேப் கணக்கின் போல்டருக்கு இழுத்துப் போடு, சர்வருக்கு ஏறிவிடும். நேரம் எடுக்கும், பொறு.

தீபாவளி கழிந்து வருகிறாய் அல்லவா? வரும் வழியில் கம்பத்தில் பன்னீர் திராட்சை இரண்டு கிலோ வாங்கிக்கொள். இங்கே அதே திராட்சைக்கு மலையேறிய கூலியையும் சேர்த்து வாங்குகிறார்கள்.

உன் பழைய பெஞ்சுக்காரன்