ஓர் எழுத்தைத் திருத்த 3,600 கோப்புகளா?

படங்களை ஆல்பமாக்கி இணையத்தில் ஏற்றும் மென்பொருளை உருவாக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

புதிய பதிப்பில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று நீங்கள் போட்ட பட்டியலைப் படித்தோம். நீளமான பட்டியல்தான். கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் என்று இந்தக் கரை நெடுக ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் கேட்டுவந்தது ஒன்றே ஒன்று. ஆல்பத்தில் எது மாறியதோ அதை மட்டும் சர்வருக்கு அனுப்புங்கள். பட்டியலில் அது இல்லை. பழைய பதிப்பில் அரைகுறையாக இருந்ததும் இப்போது போய்விட்டது.

ஓர் ஆல்பத்தை வைத்தே காட்டிவிடுகிறோம். பெயர் ‘ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு’, படங்கள் 1,200. ஒவ்வொரு படத்துக்கும் உங்கள் மென்பொருள் மூன்று அளவுகளில் பிரதி எடுக்கிறது. 320 பிக்சல் தம்ப்நெயில் (சிறு முன்னோட்டப் படம்) சுமார் 25 கேபி, 1,280 பிக்சல் சுமார் 275 கேபி, 2,048 பிக்சல் சுமார் 700 கேபி. ஆக படத்துக்கு ஒரு எம்பி, ஆல்பத்துக்கு 1.2 ஜிபி, கோப்புகள் 3,600. முதல் தடவை இவ்வளவும் ஏறித்தான் ஆக வேண்டும். அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

வருத்தம் அதற்கு அப்புறம். ஆல்பத்தின் பெயரை எல்லாப் படங்களிலும் குறிச்சொல்லாக எழுதும் புதிய வசதி, யாரும் கேட்காமலே ‘ஆன்’ நிலையில் வருகிறது. எழுதும் இடம் படக்கோப்பின் தலைப்பகுதியில் உள்ள ஐபிடிசி என்ற பழைய குறிப்புப் பகுதி. அதில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்டுக்கு மேல் இடம் கிடையாது. ஆங்கிலத்துக்கு அது 64 எழுத்து. தமிழில் யூனிகோடு (கணினி எழுத்துப் பட்டியல்) குறி ஒவ்வொன்றும், அதைப் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் பிடிக்கும். புள்ளிக்கும் காலுக்கும் கொம்புக்கும் தனித்தனிக் கணக்கு. மேலே சொன்ன பெயரை வாயால் எண்ணினால் 14 எழுத்து. கணினிக்கு அது 23 குறி, இரண்டு இடைவெளியோடு 71 பைட்.

64-ஆவது பைட்டில் கத்தரி விழும்போது ‘சந்தனக்க’ வரைக்கும் முழுசாக நிற்கிறது. அடுத்து வரும் ஊகாரக் குறியின் 3 பைட்டில் 2 மட்டும் உள்ளே, ஒன்று வெளியே. விளைவு, ‘ஏர்வாடி தர்கா சந்தனக்க’ என்று எழுதி, பக்கத்தில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. 1,200 படத்துக்கும் கீழே அதே.

சரி, திருத்துவோம் என்று ‘தர்கா’வை எடுத்துவிட்டால் 55 பைட்டில் அடங்கும். (ஊர் தர்காவின் பெயரை மென்பொருளின் அளவுக்கு ஏற்றபடி வெட்ட வேண்டியிருப்பதைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதலாம்.) திருத்திவிட்டு ‘வெளியிடு’ பொத்தானை அழுத்தினால் எண்ணிக்கைப் பலகை 3,600 என்று காட்டுகிறது. படங்களில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. மாறியது தலைப்பகுதியில் சில பைட். ஆனால் அது மூன்று அளவிலும், தம்ப்நெயிலிலும்கூட, எழுதப்பட்டிருப்பதால் எல்லாக் கோப்பும் புதுக் கோப்பாகிவிட்டது.

1.2 ஜிபியை நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் ஏற்ற 40 நிமிடம். அந்த வேகம் வாய்த்தால். விழாக் கூட்டத்தில் டவர் திணறி ஒரு மெகாபிட்டுக்கு இறங்கினால் 2 மணி 40 நிமிடம். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவர்களுக்கு நாளொன்றுக்கு 1.5 ஜிபி டேட்டா. ஒரு பெயரைத் திருத்தினாலே அன்றைய டேட்டாவில் ஐந்தில் நான்கு பங்கு காலி.

இதையும் பொறுத்துக்கொள்ளலாம், நடுவில் அறுபடாமல் இருந்தால். வாடைக் காலத்தில் மழையும் காற்றும் சேர்ந்துவிட்டால் இந்தப் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. யுபிஎஸ் கணினியைத் தாங்கும், டவரைத் தாங்காது. 2,900-ஆவது கோப்பில் அறுந்தால் மறுபடி இணைந்ததும் உங்கள் மென்பொருள் எங்கே தொடங்குகிறது தெரியுமா? முதல் கோப்பில். பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுவிட்டால் மறுபடி சென்னையிலிருந்தா கிளம்புவார்கள்?

இன்னொன்று இதைவிட மோசம். மென்பொருள் புதுக் கோப்பைப் பழைய பெயரின் மேலேயே நேராக எழுதுகிறது. பாதியில் அறுந்தால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. திருமண ஆல்பமாக இருந்தால், துபாயிலும் கோலாலம்பூரிலும் லிங்கைத் திறக்கும் சொந்தக்காரர்களுக்கு மணப்பெண்ணின் நெற்றி வரைக்கும் படம், அதற்குக் கீழே சாம்பல் நிறப் பட்டை. ஸ்டூடியோவுக்கு அடுத்த போன் எந்தத் தொனியில் வரும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறோம். இதில் முகப்புப் பக்கம் முதலில் ஏறிவிடுகிறது. அது சுட்டும் படங்கள் இன்னும் வந்து சேரவில்லை. பந்தியில் இலை போட்டு ஆளை உட்கார வைத்துவிட்டு அப்புறம் அடுப்பு மூட்டுகிற கதை.

இதற்கெல்லாம் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. படக்குறிப்பையும் ஆல்பப் பெயரையும் தனி உரைக்கோப்பில் வையுங்கள்; 1,200 படத்துக்கும் சேர்த்துச் சில நூறு கேபிதான் வரும், திருத்தினால் அது ஒன்று மட்டும் ஏறும். கோப்புக்குள்ளேயும் வேண்டும் என்பவர்களுக்குப் பெரிய அளவில் மட்டும் எழுதுங்கள், ஐபிடிசிக்குப் பதில் எக்ஸ்எம்பி என்ற புதிய குறிப்புப் பகுதியில். அங்கே 64 பைட் கட்டுப்பாடு இல்லை. எதையாவது வெட்டியே தீர வேண்டுமென்றால் பைட்டை எண்ணாமல் முழு எழுத்தை எண்ணி வெட்டுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து ஒரு ஹேஷ் எண் (உள்ளே ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) கணக்கிட்டுப் பட்டியலாக வைத்துக்கொண்டால், எது மாறியது என்று நொடியில் தெரியும். இப்போது நீங்கள் பார்ப்பது கோப்பின் தேதியை. மென்பொருளே எல்லாவற்றையும் திரும்ப எழுதிவிட்டு, பிறகு தேதி மாறியிருக்கிறதா என்று பார்த்தால் மாறாமல் என்ன செய்யும்?

ஏற்றும்போது தற்காலிகப் பெயரில் ஏற்றி, முழுசாகச் சேர்ந்த பிறகு சரியான பெயருக்கு மாற்றுங்கள். முகப்புப் பக்கத்தைக் கடைசியில் அனுப்புங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும் கட்டளை, சர்வருக்குக் கோப்பு ஏற்றும் எஃப்டிபி முறையில் 1985-இலேயே இருக்கிறது. மாறிய துண்டை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க் என்ற மென்பொருள் வந்தது 1996-இல். அதை வைத்துச் சமாளியுங்கள் என்று உங்கள் உதவிப் பிரிவு சொல்லும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: ஆர்சிங்க் ஓட சர்வர் பக்கமும் அது இருக்க வேண்டும், சர்வருக்குள் நுழைந்து கட்டளை கொடுக்க எஸ்எஸ்எச் என்ற அனுமதியும் பொதுவாக வேண்டும். சிறு ஸ்டூடியோக்கள் வாங்கும் மலிவு ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் கிடைப்பது எஃப்டிபி மட்டும்.

இதையெல்லாம் விட்டுவிட்டுக் கொடுத்திருப்பது என்ன? வானத்தை மாற்றும் வசதி. தனுஷ்கோடியில் இரண்டு பக்கமும் கடல், மிச்சமெல்லாம் வானம்தான். அதை மாற்ற ஆள் தேடி யாரும் வரவில்லை. ஸ்லைட்ஷோவில் பனி கொட்டும் அலங்காரம். கருவேலங்காட்டுக்கும் உப்பளத்துக்கும் பேர்போன மாவட்டத்தில், ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போடுகிறவர்கள் தலையில் பனி விழுகிறது! முகத்தை அடையாளம் கண்டு பிரித்து அடுக்கும் வசதியும் வந்திருக்கிறது. பெண்கள் பக்கப் படங்களைக் கடவுச்சொல் இல்லாமல் வெளியே விடக்கூடாது என்று சொல்லித்தான் பல குடும்பங்கள் ஆல்பம் கொடுக்கின்றன, ஆனால் புதிய பதிப்பில் எந்த ஆல்பமும் ‘எல்லோருக்கும்’ என்றே தொடங்குகிறது. அதை மூட மூன்று திரை உள்ளே போக வேண்டும். பனிக்குப் பொத்தான் முதல் திரையிலேயே இருக்கிறது.

கோபம் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டது, மன்னிக்கவும். உங்கள் மென்பொருளைக் குறை சொல்வதே எங்கள் நோக்கம் என்றால் வேறொன்றுக்கு எப்போதோ மாறியிருப்போம். படத்தின் நிறத்தைக் கெடுக்காமல், நிறச் சுயவிவரத்தை (நிறம் எப்படித் தெரிய வேண்டும் என்று கோப்பில் உள்ள குறிப்பை)த் தூக்கியெறியாமல் சிறிதாக்கித் தருவதில் அது இன்றைக்கும் நன்றாகவே இருக்கிறது. அதனால்தான் கேட்கிறோம். அடுத்த பதிப்பில் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். மாறியதை மட்டும் அனுப்பட்டும், அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரட்டும். இந்த இரண்டும் போதும். சோதனைப் பதிப்பு தந்தால் தமிழ்ப் பெயர்களோடும் அறுந்து அறுந்து வரும் சிக்னலோடும் சோதித்துத் தர இங்கே ஆட்கள் இருக்கிறோம். சோதனைக்கு இதைவிடத் தோதான கரை அமையாது.

அது வரும்வரை தயவுசெய்து ஒரு சின்ன உதவி. பழைய பதிப்பின் நிறுவல் கோப்பை உங்கள் தளத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள். தானாகப் புதுப்பிப்பதை நிறுத்த ஒரு பொத்தானையும் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். பனிப் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரை ஸ்டூடியோக்காரர்கள்