காம்போடு ஒரு ஸ்ட்ராபெர்ரி

அன்புள்ள பாப்பா,

உன் செய்தி வந்தது. மூன்று மாதமாக ‘நல்லா இருக்கேம்மா’ என்பதைத் தவிர வேறு எதுவும் வராத போனில் ஒரே நாளில் இத்தனை வரி. நாலு தடவை படித்தேன். வசந்தகால ப்ரஞ்சுக்குப் பன்னிரண்டு பேர், பழம் சேர்த்த ஸ்பார்க்ளிங் ஒயின் காக்டெய்ல் இரண்டு வகை, அளவு சொல்லு என்று கேட்டிருக்கிறாய். கடைசி வரியில், ‘ஒரு கிளாஸ் மட்டும் மது இல்லாம வேணும்மா, ஆனா பாக்க மத்தது மாதிரியே இருக்கணும்.’

போனில் தட்டினால் என் விரலுக்கு நேரமாகிறது, அதனால் எழுதுகிறேன். அந்த ஒரு கிளாஸ் யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

முதலில் ஒயின். பாட்டிலில் ‘ப்ரூட்’ என்று போட்டிருப்பதை வாங்கு. ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்ற பெயரைப் பார்த்து இனிப்பே இருக்காது என்று நினைத்துவிடாதே. ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்குள்தான் சர்க்கரை இருக்கும், எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17 கிராம் வரை. பழமே இனிப்போடு வருகிறது, ஒயினும் இனித்தால் இரண்டாவது மடக்கிலேயே திகட்டிவிடும். ஷாம்பெயின் வேண்டாம். ஆண்டுக்கணக்கில் பாட்டிலுக்குள் ஊறி வந்த வாசனை அது, பழக்கூழைக் கொட்டி அதை மூடுவது பாவம். ப்ரொசெக்கோ போதும். இத்தாலிக்காரர்கள் அதைப் பெரும்பாலும் பெரிய மூடிய தொட்டியில்தான் குமிழிக்காக இரண்டாம் முறை நொதிக்க விடுகிறார்கள், அதனால் திராட்சையின் பழவாசனை அப்படியே நிற்கும், ஸ்ட்ராபெர்ரியோடு நன்றாகச் சேரும்.

கணக்குப் போட்டுவிட்டேன். ஆளுக்கு இரண்டு கிளாஸ். ஒரு பாட்டில் 750 மில்லி, கிளாஸுக்கு 100 மில்லி ஊற்றினால் ஏழு கிளாஸ் வரும். நாலு பாட்டில் போதும், கைகாவலுக்கு இரண்டு. ஆறு பாட்டில் கொண்ட பெட்டி பத்துக் கிலோ பக்கம் வரும், இந்தப் பாட்டில்களின் கண்ணாடி சாதாரண ஒயின் பாட்டிலைவிடத் தடிமன். அதை நீ தூக்காதே. மாப்பிள்ளையைத் தூக்கச் சொல். காரிலிருந்து வீட்டுக்கும் அவர்தான், அலமாரியிலிருந்து ஃப்ரிட்ஜுக்கும் அவர்தான்.

பழத்துக்கு வருகிறேன். நீ பெல்லினி என்று எழுதியிருந்தாய். அது வெள்ளை பீச் பழத்தில் செய்வது. வெனிஸில் ஹாரிஸ் பார் நடத்திய ஜூசெப்பே சிப்ரியானி 1948-இல் கொண்டுவந்தது, அந்த இளஞ்சிவப்பைப் பார்த்து பழைய ஓவியர் பெல்லினியின் பெயரை வைத்தார். ஆனால் பீச் கோடைப் பழம். வசந்தத்தில் கிடைப்பது எங்கோ தொலைவிலிருந்து காயாகப் பறித்து வந்ததாக இருக்கும், மணமே இருக்காது. பீச்சுக்குப் பதில் ஸ்ட்ராபெர்ரி போட்டால் அதற்கு ரொசினி என்று பெயர். உனக்கு அதுதான் சரி. அரைக்கிலோ ஸ்ட்ராபெர்ரி அடித்தால் எட்டு கிளாஸுக்குக் கூழ் வரும், அதனால் ஒரு கிலோ வாங்கிக்கொள். காம்பு எடுக்கும் முன்பே ஓடும் தண்ணீரில் கழுவு. காம்பை எடுத்துவிட்டுக் கழுவினால் தண்ணீர் உள்ளே ஏறிப் பழம் சப்பென்று ஆகும். அரைத்ததும் வடிகட்டியில் தேய்த்து விதையை நீக்கு. சில சொட்டு எலுமிச்சை விடு, நிறம் மங்காது. கிளாஸில் 50 மில்லி கூழ், 100 மில்லி ஒயின்.

இன்னொரு வகைக்கு மிமோசா போதும். ஆரஞ்சுச் சாறும் ஒயினும் பாதிக்குப் பாதி, 75, 75. செக்கச்சிவந்த ஆரஞ்சு கிடைத்தால் அதைப் பிழி, குளிர்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும்போது அது நன்றாக இருக்கும். அன்று காலையிலேயே பிழி, முந்தின நாள் பிழிந்து வைக்காதே. தோலையும் கழுவிவிட்டு வெட்டு. உரிக்கிற பழம்தானே என்று கழுவாமல் விடாதே, கத்தி தோலில் இருப்பதை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். எதையும் கழுவாமல் வாயில் வைக்காதே.

ஒயினை ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரமாவது வை. ஐஸும் தண்ணீரும் பாதிப் பாதியாக நிரப்பிய வாளியில் வைத்தால் அரைமணி நேரம் போதும். வெறும் ஐஸைவிட அதுதான் சீக்கிரம் குளிரும், தண்ணீர் பாட்டிலைச் சுற்றி முழுக்கத் தொடுகிறதல்லவா. ஆறிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடான பாட்டிலைத் திறக்கவே கூடாது. ஷாம்பெயின் பாட்டிலுக்குள் அழுத்தம் ஐந்தாறு வளிமண்டல அளவு, கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ப்ரொசெக்கோவில் கொஞ்சம் குறைவு, ஆனாலும் கண்ணைப் பறிக்க அது போதும். கார்க்கைப் பிடித்திருக்கும் கம்பிக்கூட்டை ஆறு அரைச்சுற்றில் தளர்த்தலாம், அந்த நேரம் முழுக்கக் கட்டைவிரல் கார்க்கின் மேலேயே இருக்கட்டும். பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்ப வேண்டும். வெடிச்சத்தம் வந்தால் திறந்தவருக்குக் கை பழகவில்லை என்று அர்த்தம். பெருமூச்சு விடுவதைப் போல ஒரு சத்தம் வரும், அதுதான் சரி. இதையும் மாப்பிள்ளையே செய்யட்டும்.

ஊற்றும்போது அவசரப்படாதே. கூழில் இருக்கிற நுண்ணிய நார் ஒவ்வொன்றும் குமிழியைக் கிளப்பிவிடும், கிளாஸ் பொங்கி மேசையில் வழியும். முதலில் கூழ், அதன் மேல் கொஞ்சம் ஒயின், நுரை அடங்கட்டும், பிறகு மீதி. நீண்ட கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு முறை தூக்கிவிடு. கலக்கிக்கொண்டே இருந்தால் குமிழி எல்லாம் போய்விடும், காசு கொடுத்து வாங்கியதே அந்தக் குமிழிக்காகத்தான். சாப்பாட்டை முதலில் மேசையில் வை. ப்ரஞ்சுக்கு வருகிறவர்கள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருவார்கள், வெறும் வயிற்றில் மது வேகமாக ஏறும். பழம் போட்டால் லேசாகத்தான் இருக்கும் என்று நினைப்பார்கள். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடு. விருந்து வைக்கிறவள் நின்றுகொண்டே இருந்து பட்டினி கிடப்பது உன் வழக்கம், சின்ன வயதிலிருந்தே. உட்காரு.

இனி அந்த ஒரு கிளாஸ்.

ரொசினியில்தான் செய்ய வேண்டும். கூழ் அடர்த்தியான சிவப்பு, உள்ளே இருப்பது ஒயினா வேறு ஏதாவதா என்று யாருக்கும் தெரியாது. அதே 50 மில்லி கூழ், 30 மில்லி வெள்ளைத் திராட்சைச் சாறு, 70 மில்லி நன்றாகக் குளிர்ந்த சோடா, எலுமிச்சை நாலு சொட்டு. ஒயினின் புளிப்பு அந்த நாலு சொட்டில் வந்துவிடும். சோடாவின் குமிழி பெரிது, சீக்கிரம் அடங்கிவிடும், அதனால் மற்ற எல்லாக் கிளாஸையும் ஊற்றிய பிறகு கடைசியாக இதை ஊற்று. டானிக் வாட்டர் வேண்டாம், கசப்பு காட்டிக்கொடுத்துவிடும். ‘மது நீக்கிய ஒயின்’ என்று விற்பதையும் நம்பி ஊற்றாதே, பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை இருந்தாலும் அப்படிப் பெயர் போட அனுமதி உண்டு. கிர் ரோயால் செய்யலாம், ஒயினுக்குப் பதில் சோடா ஊற்றிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னாலும் கேட்காதே. அதில் போடுகிற கசிஸ் என்ற இனிப்புப் பழச்சாரமே மதுதான், பதினைந்து சதவீதத்துக்குக் குறையாது. வாசனைக்கு விடுகிற பிட்டர்ஸும் மதுதான்.

மேசையில் வைத்து ஊற்றாதே. சமையலறையிலேயே எல்லாவற்றையும் ஊற்றித் தட்டில் கொண்டு வா. எல்லாக் கிளாஸின் விளிம்பிலும் ஒரு ஸ்ட்ராபெர்ரித் துண்டு சொருகு. அந்த ஒன்றில் மட்டும் பழத்தைக் காம்போடு வை. பார்க்கிறவர்களுக்கு அது அலங்காரம், எடுக்க வேண்டியவருக்கு அடையாளம். சோடா பாட்டிலை ஒளிக்காதே, முதலிலேயே மேசையில் நிற்கட்டும். ஒளித்த பாட்டிலைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள்.

இந்தக் காம்பு வித்தையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஹோட்டல் விருந்துக் கூடத்தில் பதினேழு வருடம் நின்று நானே கண்டுபிடித்தது. கிளாஸ் கழுவத்தான் சேர்ந்தேன், உனக்குத் தெரியும். ஜூஸ் கவுண்டருக்கு வர ஐந்து வருடம், பாருக்கு வர இன்னும் மூன்று. ஒவ்வொரு விருந்திலும் யாராவது ஒருத்தர் கவுண்டர் ஓரமாக வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். குடியை விட்டு நாற்பது நாள் ஆனவர், மாத்திரை சாப்பிடுகிறவர், இன்னும் யாரிடமும் சொல்லாத புதுப்பெண். நான் ஏன் என்று கேட்டதில்லை. காம்போடு பழத்தை வைத்து நகர்த்திவிடுவேன். பதினேழு வருடத்தில் ஒருவரைப் பற்றியும் ஒரு சொல் வெளியே போனதில்லை. அதில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு.

உன் விஷயத்தில்தான் போயிற்று.

இதை எழுத வேண்டும் என்று உட்காரவில்லை பாப்பா. அளவு எழுதி அனுப்பத்தான் உட்கார்ந்தேன். முந்தின வருடம், ஏழாவது வாரத்தில், நீ போன் செய்து ‘மூணு மாசம் முடியட்டும்மா, யார்கிட்டயும் சொல்லாதே’ என்றாய். சரி என்றேன். அன்று ராத்திரியே பெரியப்பாவிடம் சொன்னேன். மறுநாள் வேலையிடத்தில். அதற்கடுத்த நாள் மாடிவீட்டில். ஒவ்வொருவரிடமும் ‘நீங்க வெளியில சொல்லாதீங்க’ என்று சொல்லிச் சொல்லியே ஊர் முழுக்கச் சொன்னேன். சந்தோஷம் என்று அப்போது நினைத்தேன். நான் பாட்டியாகப் போகிறேன் என்று பத்துப் பேர் என்னைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, அதுதான் உண்மை.

ஒன்பதாவது வாரம் அப்படி ஆன பிறகும் அவர்கள் உனக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்த நீ ஒவ்வொருவருக்கும் ‘இல்ல அத்தை, இப்ப இல்ல’ என்று சொன்னாயாம். பதினாலு பேர் என்று மாப்பிள்ளைதான் பிறகு என்னிடம் சொன்னார். குறை சொல்லவில்லை, எண்ணிக்கையை மட்டும் சொன்னார்.

நீ கேட்டாய், ‘யாரும்மா சொன்னது?’ என்று. நான் ‘சித்தியா இருக்கும்’ என்றேன்.

சித்தி இல்லை. அவளுக்கும் நான்தான் சொல்லியிருந்தேன், அவள் சித்தப்பாவிடம்கூட மூச்சு விடவில்லை. நீ அவளிடம் பேசுவதை நிறுத்தியபோதும் அவள் தன் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ‘அக்காவை எதுக்குக் காட்டிக்கொடுக்கணும்’ என்று இருந்துவிட்டாள். புது வீட்டுக்கு நீ அவளைக் கூப்பிடவில்லை. அன்று அவள் எனக்குப் போன் செய்து, வீட்டில் வெளிச்சம் நன்றாக வருகிறதா என்று மட்டும் கேட்டாள். அப்போதாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உனக்குத் துணையாக வந்து பக்கத்தில் இருக்கவும் இல்லை, லீவு கிடைக்கவில்லை என்றேன். கேட்டால் கிடைத்திருக்கும். உன் முகத்தைப் பார்க்கப் பயம்.

நேற்று சித்தி வீட்டுக்குப் போய், பாப்பாவிடம் சொல்லப்போகிறேன் என்று சொன்னேன். அவள் ‘விடுக்கா’ என்றாள். நான் விடவில்லை.

நீ மூன்று மாதம் பேசாமல் இருந்ததற்கு எனக்குக் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பெற்றவளிடம் என்ன ஒளிவு என்று உன் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று புலம்பியிருக்கிறேன். இன்று அந்தக் கடைசி வரியைப் படித்தபோது கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அத்தனைக்குப் பிறகும் அந்த ஒரு கிளாஸுக்கு என்னிடம் கேட்டாயே.

அது உன் சிநேகிதி யாருக்காவது இருக்கலாம். மருந்து சாப்பிடுகிற யாருக்காவது இருக்கலாம். நான் கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டேன். இந்தக் கடிதத்தை எழுதினேன் என்றும் யாரிடமும் சொல்லப்போவதில்லை. சித்திக்கு நான் சொன்னது பழைய கதை மட்டும்.

உனக்கு எப்போது பேசத் தோன்றுகிறதோ அப்போது பேசு. நடுராத்திரியானாலும் எடுப்பேன். சித்தியின் நம்பர் மாறவில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பெட்டி விஷயத்தை ஞாபகப்படுத்து.

அம்மா

மறந்துவிட்டேன். ஸ்ட்ராபெர்ரிக் கூழை முந்தின நாள் ராத்திரியே அரைத்து மூடி ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஒன்றும் ஆகாது. காலையில் அத்தனை நேரம் நிற்க வேண்டாம். காம்போடு வைக்கிற அந்த ஒரு பழத்தை இலைக்கு அடியிலும் கழுவு, மண் அங்கேதான் தங்கும்.