இரத்தசோகைக் கணக்கில் சோற்றுத் தட்டையும் சேர்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரத்தசோகை குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த செய்தியையும் அதையொட்டி வெளியான வாசகர் கடிதங்களையும் படித்தேன். இரும்புச்சத்து மாத்திரை எல்லோருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் இந்தக் குறை நீங்கிவிடும் என்பதே அவற்றுள் பலவற்றின் சாரம். தருமபுரி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராகப் பல ஆண்டுகள் அந்த மாத்திரையை வீடு வீடாகக் கொண்டு சென்றவள் நான். மாத்திரையின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், அதை விழுங்கும் பெண் அன்றைக்கு என்ன சாப்பிட்டாள் என்பதை எந்தப் பதிவேட்டிலும் எழுத இடமில்லாமல் போனதே நம் முயற்சிகள் பாதியில் நிற்பதற்குக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருக்கிறது. அதற்கு முந்தைய 2015–16 ஆய்வில் குழந்தைகளின் அளவு 50.7 விழுக்காடாக இருந்தது. ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடக்கும், வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் விகிதம் 27.1-இலிருந்து 25 விழுக்காடாகக் குறைந்த ஒரு மாநிலத்தில் குழந்தைகளின் இரத்தசோகை மட்டும் ஏறுமுகமாக இருப்பது சாதாரணமாகக் கடந்துபோகக் கூடியதன்று.

இந்த எண்கள் சற்று மிகையானவை என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் குடும்பநல ஆய்வுகளில் விரல் நுனியில் குத்தி எடுக்கும் சொட்டு இரத்தமே சோதிக்கப்பட்டது. குளிர்ந்து போன விரலிலும், களை பிடுங்கிக் காய்ப்பேறிய விரலிலும் இரத்தம் எளிதில் வராது. அழுத்திப் பிழிந்தால் திசுநீரும் சேர்ந்து வந்து அளவைக் குறைத்துக் காட்டிவிடும். களத்தில் வேலை செய்த யாருக்கும் இது தெரியும். 2016–18-இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதித்தபோது, நாடு முழுவதும் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 41 விழுக்காட்டினருக்கே இரத்தசோகை இருப்பது தெரிந்தது. ஆனால் அதே ஆய்வு வேறொன்றையும் கண்டறிந்தது. அதைத்தான் நாம் போதுமான அளவு பேசவில்லை. வளரிளம் பருவத்தினரில் இரும்புச்சத்துக் குறை உள்ளவர்கள் 22 விழுக்காடு. பி12 வைட்டமின் குறை உள்ளவர்கள் 31 விழுக்காடு. ஃபோலேட் (ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமின்) குறை உள்ளவர்கள் 37 விழுக்காடு. இரும்பு மட்டுமன்றி இவை இரண்டும் குறைந்தாலும் இரத்தசோகை வரும். பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் நீல நிற மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் மட்டுமே உள்ளன. பாலும் முட்டையும் மீனும் இறைச்சியும் எப்போதாவது மட்டும் எட்டிப்பார்க்கும் வீட்டில் பி12 குறையை அந்த மாத்திரையால் ஈடுகட்ட முடியாது.

எங்கள் பகுதியில் ஒரு கர்ப்பிணியின் வீட்டுக்கு நண்பகலில் போனால் பெரும்பாலும் காணக்கூடியது இதுதான்: ரேஷன் அரிசிச் சோறு, புளிரசம் அல்லது முந்தைய நாள் குழம்பு, தொட்டுக்கொள்ள ஊறுகாய், சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் டீ. சோற்றோடு சேர்ந்த கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தையும் உடல் ஈர்க்கவிடாமல் அந்த டீ தடுத்துவிடுகிறது. மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வந்த பேரீச்சம்பழம் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குப் பகிரப்பட்டிருக்கும். அங்கன்வாடிச் சத்துமாவு மாலையில் எல்லோருக்குமாகக் கொழுக்கட்டையாகியிருக்கும். இதற்காக அந்தப் பெண்ணையோ அவள் மாமியாரையோ குறை சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. ஒருவருக்கென்று வரும் சத்துணவு ஐந்து பேர் பசிக்குப் போகிறது என்றால், அந்த வீட்டில் ஐந்து பேருக்குமே அது இல்லை என்றுதான் பொருள்.

நம் பொது விநியோகத் திட்டம் நாட்டுக்கே முன்னோடி. 2011 முதல் அரிசி விலையின்றிக் கிடைப்பதால் பட்டினி என்ற சொல்லை எங்கள் ஊர்களில் இன்று கேட்பது அரிது. ஆனால் ஓர் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு என்பது, நான்கு பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம் அளவே வருகிறது. பருப்பு, முட்டை, இறைச்சி வகைகள் சேர்ந்து நாளொன்றுக்கு 85 கிராமும் காய்கறி 400 கிராமும் வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். வெளிச்சந்தையில் பருப்பு விலை ஏறும் மாதங்களில் குழம்பு தண்ணீராவதை அடுப்படியில் நிற்கும் எல்லோரும் அறிவார்கள். எங்கள் மாவட்டத்துப் பாலக்கோடு சந்தையில் விலை சரிந்து தக்காளி சாலையோரம் கொட்டப்படும் அதே மாவட்டத்தில்தான் இப்படி.

செறிவூட்டப்பட்ட அரிசி இதற்கு விடையாக முன்வைக்கப்படுகிறது. கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு சேர்க்கப்படும் அந்த அரிசியை ஒரு பெண் நாளொன்றுக்கு 150 கிராம் உண்டால், அதிகபட்சம் 6.4 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு கிடைக்கும். அவளுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 29 மில்லிகிராம். பி12 வைட்டமினும் ஃபோலிக் அமிலமும் அதில் சேர்க்கப்படுவதை வரவேற்கிறேன். எனினும், சத்து சேர்த்துச் செய்து அரிசியோடு கலக்கப்படும், நிறம் மாறித் தெரியும் குருணைகளைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறியும் வீடுகள் இருக்கும்வரை, அரிசியை மாற்றியதோடு அரசின் வேலை முடிந்துவிடாது.

அரிசியையும் நோயையும் இணைத்துப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு நம் மண்ணில் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. இன்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918-இல் குன்னூரில் மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் தலைமையில், பி1 வைட்டமின் குறையால் வரும் பெரிபெரி நோயை ஆராயும் சிறு பிரிவாகத்தான் தொடங்கியது. தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்ந்தவர்களிடம் பெரிபெரி பரவியதும், புழுங்கலரிசி உண்டவர்கள் தப்பியதும் குன்னூர் ஆய்வாளர்கள் எழுதி வைத்தவை. நோயாளியின் உடலை மட்டும் பாராமல், அவர் சமையலறைக்குள் வரும் தானியம் எப்படித் தீட்டப்பட்டது என்றும் அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியை இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரும் கேட்பதில்லை.

எனவே பொதுச் சுகாதாரத் துறைக்கு நான் வைக்கும் வேண்டுகோள் எளியது. கர்ப்பகாலப் பரிசோதனையின்போது எடையும் ஹீமோகுளோபினும் குறிக்கப்படுவதைப் போலவே, தானியம், பருப்பு, கீரை, முட்டை என்பன போன்ற பத்து உணவு வகைகளில் எவற்றை அந்தக் கர்ப்பிணி முந்தைய நாளில் உண்டாள் என்பதும் குறிக்கப்பட வேண்டும். ஐந்துக்குக் குறைந்தால் அது கவனிக்க வேண்டிய உணவு என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவுகோல். ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் அமைப்பு வகுத்த எட்டுக் கேள்விகளையும் மாவட்டந்தோறும் மாதிரிக் குடும்பங்களிடம் ஆண்டுக்கு இருமுறையாவது கேட்கலாம். கையில் பணமில்லாமல் உணவு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டீர்களா, சத்தானதை உண்ண முடியாமல் போனதா, ஒரு வேளையைத் தவிர்த்தீர்களா என்பன போன்ற கேள்விகள் அவை. மழை பொய்த்து ஆண்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்ட மாதங்களில் வரும் பதிலுக்கும் அறுவடைக் காலத்தில் வரும் பதிலுக்கும் உள்ள இடைவெளியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய ஆய்வுகளால் காட்ட இயலாது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். நீலகிரியிலும் எங்கள் தருமபுரியிலும் 2023-இல் சோதனை முறையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். நூறு கிராம் தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக உள்ள இரும்பு, அதே அளவு கேழ்வரகில் 4.6 மில்லிகிராம் இருக்கிறது. கால்சியம் 364 மில்லிகிராம். களியும் கூழும் இப்பகுதிப் பெண்களின் கைப்பழக்கம் என்பதால், புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்தக் கேழ்வரகு வீட்டில் யார் தட்டுக்குப் போனது, விற்கப்பட்டதா, வாங்கிய குடும்பங்களில் கர்ப்பிணிகளின் இரத்த அளவு மாறியதா என்பவற்றை ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையிடம் ஒப்படைத்து ஆராயச் செய்து, முடிவைத் தமிழிலும் வெளியிட வேண்டும். பயன் தெரிந்தால், கேழ்வரகோடு பருப்பின் அளவையும் இரண்டு கிலோவாக உயர்த்தி, முதலில் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் உள்ள அட்டைகளுக்கேனும் வழங்க அரசு முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தருமபுரி மாவட்டம்.