அந்த "ஒண்ணே போதும்" பாட்டிலை ஏன் நிறுத்துறோம்

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்துல நம்ம கடையில பூந்திக்கொட்டை, சீயக்காய், பீர்க்கங்காய் நார், உமிச்சாம்பல்னு வாங்கிட்டுப் போற அக்கா, அம்மா, அண்ணன் அத்தனை பேருக்கும் இந்த மடல். போன தீபாவளிக்கு முன்னாடியிலேர்ந்து "கிச்சன் முழுக்க இது ஒண்ணே போதும்"னு லேபிள் ஒட்டி ஒரு பாட்டில் வித்தோமே, பூந்திக்கொட்டை தண்ணியில எலுமிச்சை சாறு கலந்தது, அதை இந்த மாசத்தோட நிறுத்துறோம். என்ன நடந்துச்சுன்னு மறைக்காம சொல்லணும்னுதான் எழுதுறேன்.

பாபநாசம் பக்கத்துலேர்ந்து ஒரு அக்கா போட்டோ அனுப்பினாங்க. அவங்க வீட்டு அடுப்பு மேடை கடப்பா கல், நம்ம பாட்டிலை ஊத்தி அரைமணி நேரம் ஊறவிட்டு துடைச்சிருக்காங்க, கருகருன்னு இருந்த கல்லு திட்டுத்திட்டா வெளுத்துப் போச்சு. நேர்ல போய் பாத்தேன், கை வச்சா சொரசொரன்னு இருக்கு. தப்பு அவங்க மேல இல்ல, எங்க லேபிள் மேலதான். கடப்பா கல்லுங்கிறது சுண்ணாம்புக்கல் வகை, மார்பிளும் அப்படித்தான், புளிப்பு பட்டா மேல்பக்கம் அரிச்சிடும், அரிச்ச இடத்தை திரும்ப பாலிஷ் போட்டாத்தான் சரியாகும். கிரானைட்டுக்கு அவ்வளவு பயம் இல்ல. உங்க மேடை எதுன்னு சந்தேகமா இருந்தா கண்ணுக்குத் தெரியாத மூலையில ஒரு சொட்டு எலுமிச்சை சாறு விட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு துடைச்சுப் பாருங்க, சின்னச் சின்னதா நுரைச்சாலோ பளபளப்பு போனாலோ அது சுண்ணாம்புக்கல், அதுக்கு புளிப்பே ஆகாது.

இன்னும் நாலஞ்சு பேர் இதுக்கு நேர்மாறா ஒரு குறை சொன்னாங்க, சிம்னியிலயும் அடுப்புக்குப் பின்னாடி டைல்ஸ்லயும் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு அசையவே மாட்டேங்குதுன்னு. அப்பத்தான் எனக்கே உறைச்சுது, நாங்க எல்லாத்துக்கும் ஒரே சாமானை கொடுத்துட்டு இருந்திருக்கோம். நம்ம பாட்டிமார்கள் அப்படி செய்யலையே. பித்தளைக்கு புளி, எண்ணெய்ச் சட்டிக்கு அடுப்புச் சாம்பல்னு தனித்தனியாத்தான வச்சிருந்தாங்க. ஒண்ணு புளிப்பு, ஒண்ணு காரம், மிளகாய்க் காரம் இல்ல, சாம்பல்லயும் சோடாவுலயும் இருக்கிற காரம்.

புளிப்பு எதுக்குன்னா, பித்தளை, செம்பு மேல படியிற கருப்பை கரைக்கும், அதான் நாச்சியார்கோவில் குத்துவிளக்கை புளி போட்டு தேச்சா தங்கமாட்டம் வருது. அப்புறம் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணி உள்ளவங்களுக்கு குழாயிலயும் கெட்டில்லயும் வெள்ளையா படியுமே, அதுக்கும் இதுதான், எலுமிச்சை சாறுல நனைச்ச துணியை குழாயில சுத்தி அரைமணி விடுங்க, தேய்க்கவே வேணாம். அலுமினிய குக்கர் உள்ள கருத்துப் போனா புளிச்சக்கையை போட்டு கொதிக்க விட்டா போதும். மீன் கவுச்சியும் புளிப்புக்குத்தான் அடங்கும், அந்த வாடையே ஒரு மாதிரி காரத் தன்மை உள்ளதுதான், சோடா போட்டா போகாது. ஆனா மீன் வெட்டின பலகைக்கு எலுமிச்சை மட்டும் தேச்சுட்டு விட்டுடாதீங்க, வாடை போச்சுங்கிறதுக்காக கிருமி போச்சுன்னு ஆயிடாது, சோப்பும் சுடுதண்ணியும் போட்டு கழுவியே ஆகணும்.

எண்ணெய்க்கு காரம். விறகுச் சாம்பல்ல இருக்கிற காரம் எண்ணெயோட சேந்தா அது சோப்பாவே மாறுது, அதான் சாம்பல் போட்டு தேச்ச சட்டி வழுவழுன்னு இல்லாம கிறீச்சுனு இருக்கும். இங்க ரைஸ் மில்லுலேர்ந்து வர உமிச்சாம்பல் வேற ரகம், அதுல பெரும்பாலும் சிலிக்காதான், நல்லா சுரண்டும், கரிப்பிடிச்ச இரும்புச் சட்டிக்கு அது மாதிரி வராது, நான்ஸ்டிக்லயும் ஈயம் பூசின பாத்திரத்துக்கு உள்பக்கமும் மட்டும் தயவுசெஞ்சு போடாதீங்க, பூச்சு தேஞ்சிடும். இப்ப விறகடுப்பு யார் வீட்டுல இருக்கு, அதனால அதுக்குப் பதிலா வாஷிங் சோடா கட்டி பாக்கெட் போடுறோம். இது இயற்கையான்னு கேப்பீங்க. பாக்கெட்ல இருக்கிறது ஃபேக்டரியில செஞ்சதுதான், ஆனா அந்தக் காலத்துல துணி வெளுக்க எடுத்த உவர்மண்ணுல இருந்த காரமும் இதேதான். ஒரு லிட்டர் சுடுதண்ணிக்கு ரெண்டு ஸ்பூன், கையுறை போட்டுக்குங்க, சிம்னி வலையை அதுல கால்மணி நேரம் ஊறவிடுங்க. வலை அலுமினியமா இருந்தா மட்டும் வேணாம், கருத்திடும். ஸ்டீல் காபி ஃபில்டர் ஓட்டை அடைச்சு டிகாஷன் இறங்கலைன்னாலும் இதே தண்ணியில கொதிக்க விட்டுட்டு நல்லா அலசிடுங்க, அடைக்கிறதுல காபித்தூளோட எண்ணெய்ப் பிசுக்குக்கும் பங்கு உண்டு.

ரெண்டையும் ஒண்ணா கலக்கலாமான்னு தெனம் யாராவது கேக்குறாங்க. ஆப்ப சோடாவுல வினிகரை ஊத்தினா புஸ்ஸுனு பொங்குது, பாக்க நல்லா வேலை செய்யிற மாதிரி இருக்கு, ஆனா புளிப்பும் காரமும் ஒண்ணையொண்ணு தின்னுட்டு மிச்சம் இருக்கிறது ஏறக்குறைய உப்புத்தண்ணி. முதல்ல சோடா போட்டு எண்ணெயை எடுங்க, துடைங்க, அப்புறம் தேவைன்னா புளிப்பு.

ஒண்ணே ஒண்ணு கெஞ்சிக் கேக்குறேன். மழைக்காலத்துல தெருவுக்கு போட கொடுக்கிற பிளீச்சிங் பவுடர் நிறைய வீட்டுல மிச்சம் இருக்கும், அது கூட எலுமிச்சை, வினிகர், புளி எதையும் சேக்காதீங்க, குளோரின் வாயு கிளம்பும், மூடின அடுப்படியில அது மூச்சையே அடைச்சிடும்.

பூந்திக்கொட்டை தண்ணி தொடர்ந்து கிடைக்கும், இனிமே எலுமிச்சை சேக்காம. வீட்டுலயே செய்யணும்னாலும் சுலபம்தான், பத்து கொட்டை தோலை ரெண்டு டம்ளர் தண்ணியில ராத்திரி ஊறப்போட்டு காலையில பத்து நிமிஷம் கொதிக்க வச்சு பிசைஞ்சு வடிகட்டுங்க, மூணு நாளுக்கு மேல வெளிய வைக்காதீங்க, புளிச்சிடும். உப்புத்தண்ணியில சோப்பு திரியிற மாதிரி இது திரியாது, நுரை கம்மிதான், அதுக்காக அழுக்கு போகலைன்னு நினைக்காதீங்க. கண்ணுல பட்டா எரியும். கழுவின தண்ணியை குளத்துலயோ வாய்க்கால்லயோ விடாதீங்க, மீனுக்கு இது விஷம், தென்னைமரத்தடியில ஊத்துங்க.

பழைய லேபிள் பாட்டில் பாதி காலியா இருந்தாலும் கொண்டு வாங்க, பணமாவோ புது சாமானாவோ எடுத்துக்கலாம், பில் தேவையில்ல. பாபநாசம் அக்கா வீட்டு மேடைக்கு பாலிஷ் செலவை நாங்களே ஏத்துக்கிட்டோம். கல்லு வெளுத்துப் போன வேற யாராவது இருந்தா கூச்சப்படாம ஒரு போட்டோ எடுத்து கடை நம்பருக்கு அனுப்புங்க, வந்து பாக்குறோம்.

அன்போட,
உங்க கடைக்காரன்