சர்க்கரை மாத்திரையோடு வேறு மருந்து சேரும்போது

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அம்மாவுக்கு 70 வயது. பல வருடங்களாகச் சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு சாப்பிடுகிறார். போன மாதம் நீர்க்கடுப்பு என்றதும், பக்கத்து மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கி வந்தோம். மூன்றாம் நாள் விடியற்காலை உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம், பேச்சும் குழறியது. குளுக்கோமீட்டரில் பார்த்தால் சர்க்கரை 52தான், ரொம்பக் குறைவு. சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகுதான் தெளிந்தார். அந்தப் பதினைந்து நிமிடம் எனக்கு உயிரே இல்லை.

இந்த வகை ஆன்டிபயாடிக்குகள் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம் என்று அப்புறம்தான் டாக்டர் சொன்னார். மூச்சிரைப்புக்கும் மூட்டுவலிக்கும் தரும் ஸ்டீராய்டு நேர்மாறு, சர்க்கரையை ஏற்றிவிடும். பிரஷருக்குத் தரும் சில மாத்திரைகளோ, சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வேர்வைதான் முக்கிய அடையாளமாக மிஞ்சும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல திட்டம். கொண்டுவரும் ஊழியர்கள், "வேறென்ன மருந்து சாப்பிடுறீங்க பாட்டி?" என்று கேட்டு ஓர் அட்டையில் எழுதித் தரலாமே! சேலம் நகரத்திலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் மருந்துக்கடைக்காரர்கள் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு மருந்து கொடுக்கட்டும்.

– ஒரு வாசகர், அம்மாபேட்டை, சேலம்