யு.ஐ. – யு.எக்ஸ். கோர்ஸில் பணம் கட்டும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு மதுரை காளவாசலிலும் கோரிப்பாளையத்திலும் 'யு.ஐ. – யு.எக்ஸ். டிசைன், மூன்றே மாதம், வேலை உறுதி' என்ற பேனர்கள் முளைத்துவிடுகின்றன. ஆப், இணையதளத் திரைகளைப் பயன்படுத்துபவருக்கு எளிதாக இருக்கும்படி வடிவமைக்கும் வேலை இது. துறை நல்ல துறைதான். ஆனால் இந்தப் பெயரில் விற்கப்படுவது பல இடங்களில் திரைகளை வரையும் மென்பொருளான ஃபிக்மாவில் வெறும் பயிற்சி. ஃபிக்மாவை இலவசக் கணக்கிலேயே பழகலாம். ஆர்வமுள்ள பிள்ளைக்குச் சில வாரங்களில் கைவந்துவிடும். அதற்காகத் தவணை போட்டுக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

காசு கொடுத்துக் கற்க வேண்டியது, பயன்படுத்துபவரை உட்காரவைத்துச் சோதிக்கும் வேலையை. எனவே பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது: "உங்கள் மாணவர்கள் செய்த திரையை வெளியாட்கள் எத்தனை பேரிடம் கொடுத்துப் பார்த்தீர்கள்? அந்தக் குறிப்புகளைக் காட்டுங்கள்." ஒரே வகைப் பயனாளிகள் ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டுச் சோதனை நிபுணர் ஜேக்கப் நீல்சன் சொன்னது இத்துறையில் இன்றும் வழக்கத்தில் உள்ளது. அந்த ஐந்து பேர் பக்கத்து பெஞ்ச் நண்பர்களாக இருந்தால் பயனில்லை. பஸ் டிக்கெட் ஆப் என்றால் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம் கொடுக்க வேண்டும்.

அப்படிக் கொடுக்கும்போது 'முன்பதிவு பட்டனை அழுத்துங்கள்' என்றால் விடையையே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். 'நாளைக் காலையில் திருநெல்வேலிக்கு ரெண்டு சீட் போடுங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு வாய் திறக்காமல் இருக்க வேண்டும். விரல் எங்கே தயங்குகிறது, எந்தத் திரையிலிருந்து திரும்பிப் போகிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். 'ஆப் எப்படி இருக்கு?' என்று கேட்டால் நம்மூர்க்காரர்கள் முகத்துக்கு நேரே 'நல்லாத்தான் இருக்கு தம்பி' என்றுதான் சொல்வார்கள். அதை வைத்து எதையும் திருத்த முடியாது. திருத்தியபின் வேறு ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சோதனை: மாணவர் செய்த திரை ஒன்றைத் தமிழில் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனில் 'சப்மிட்' அடங்கும், 'சமர்ப்பிக்கவும்' வெளியே வழியும். வரி இடைவெளியும் ஆங்கிலக் கணக்கில் இருந்தால் 'கீ'யின் மேல்சுழி வெட்டுப்படும், 'கூ'வின் வால் கீழ்வரியில் இடிக்கும். இதைத் திருத்தத் தெரியாத பயிற்றுநரிடம் நம் பிள்ளைகளுக்குக் கற்க அதிகமில்லை. ஆண்ட்ராய்டில் தொடும் இடம் ஏறக்குறைய 9 மி.மீ. இருக்க வேண்டும், சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும் என்ற கணக்குகளும் பாடத்தில் உண்டா என்று பாருங்கள். வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து லேப்டாப்பில் அழகாகத்தான் இருக்கும். சித்திரை வெயிலில் ஒன்றும் தெரியாது.

இன்ஜினியரிங் சேர்பவர்கள் தனிக் கோர்ஸ் தேடி ஓட வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்திலேயே இது விருப்பப் பாடமாக இருந்தது. இப்போது சேர்பவர்களின் பாடத்திட்டத்திலும் உண்டா, கல்லூரி அதை நடத்துகிறதா என்று விசாரித்தால் போதும். ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் (NPTEL) பாடங்களைச் செலவில்லாமல் படிக்கலாம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம்.

முழுப் பட்டமாகப் படிக்க விரும்புவோருக்கு ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் யுசீட் (UCEED) நுழைவுத் தேர்வு இருக்கிறது. பம்பாய், குவாஹாட்டி, ஹைதராபாத் ஐ.ஐ.டி.களில் பி.டெஸ். என்னும் வடிவமைப்பு இளநிலைப் பட்டம் சேர அதுதான் வழி. காமர்ஸ், ஆர்ட்ஸ் பிரிவு மாணவரும் எழுதலாம். கையால் வரையும் பகுதியும் உண்டு. டிகிரி முடித்தவர்களுக்கு முதுநிலையான எம்.டெஸ். சேர 'சீட்' (CEED) தேர்வு. இரண்டும் வழக்கமாக ஜனவரியில் நடப்பவை, விண்ணப்பம் அதற்குச் சில மாதங்கள் முன்பே முடிந்துவிடும். மே மாதத்தில் விசாரிக்கும் பெற்றோருக்கு அந்த ஆண்டு வாய்ப்பு போயே போய்விட்டிருக்கும்.

தங்கள் நாளிதழின் கல்வி வழிகாட்டிப் பக்கத்தில் இந்தத் தேர்வு அறிவிப்புகளை அக்டோபர் வாக்கிலேயே வெளியிட்டால், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நேரத்தோடு சேதி போய்ச்சேரும்.

– கணினித் துறை ஆசிரியர்கள் சிலர், மதுரை