பக்கத்து வீடு இருந்தவரை

ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை வந்தாலே உங்கள் வீடு-மனை பக்கத்தில் மொட்டைமாடிக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கச் சொல்கிறீர்கள். நாங்களும் அடித்திருக்கிறோம், பலன் உண்டு. ஆனால் சுவரைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கும்பகோணத்தில் எங்களுடையது மாமனார் காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு; மர உத்தரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துத் தளம் போட்டது. மேற்கே ஒட்டியிருந்த வீட்டை மூன்று வருஷம் முன்பு இடித்தார்கள். இத்தனை காலம் எங்கள் படுக்கையறையைக் குளிர்ச்சியாக வைத்திருந்தது அந்த வீடுதான் என்று அப்புறம்தான் தெரிந்தது. மதியம் வாங்கும் வெயிலை மேற்குச் சுவர் உடனே உள்ளே விடாது; ராத்திரி 10 மணிக்கு, நாம் படுக்கும்போது விடும். கட்டிலை நடுவறைக்கு இழுத்துப் போட்டோம்.

ஒப்பந்தக்காரர் ஒருவர் வெளியே சிமென்ட் பூசி, உள்ளே தெர்மாகோல் வைத்து ஜிப்சம் போர்டு அடித்துக் கொடுத்தார். 45,000 ரூபாய். அந்தக் கோடை பரவாயில்லை. ஐப்பசி மழையில் பீரோவிலிருந்த புடவையெல்லாம் ஈர வாடை. போர்டை ஒரு மூலையில் கழற்றினால் பின்னால் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. விரல் பட்ட இடத்தில் பூச்சு மாவாக உதிர்ந்தது.

வயதான கொத்தனார் ஒருவர் தட்டிப் பார்த்துவிட்டு, "இது சுண்ணாம்புச் சுவரும்மா. ஈரத்தைக் குடிக்கும், அப்புறம் வெளியே விடும். நீங்க ரெண்டு பக்கமும் வாயைக் கட்டிட்டீங்க" என்றார். எல்லாவற்றையும் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புக் காரை பூசினோம். பக்கத்து மனைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மூங்கில் நட்டுக் கீற்றுத் தட்டி கட்டினோம். வெயில் தட்டியோடு நின்றுவிடுகிறது, இடையில் காற்று ஓடுகிறது. கட்டில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. என்ன, எலித் தொல்லை உண்டு. தீபாவளிக்குப் பட்டாசுக்குப் பயந்து தட்டியை அவிழ்த்து வைக்கிறோம்.

சுவர் வழியாக வரும் வெப்பத்துக்கு மத்திய அரசு 2018-லேயே ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்று விதி வகுத்திருப்பதாக என் தம்பி மகன் காட்டினான். சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் போகக் கூடாதாம். சரி, அது புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு. சுண்ணாம்புச் சுவருக்குள் குடியிருக்கிறவர்களுக்கு யார் சொல்வது? சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களையும் பொறியாளர்களையும் கேட்டு உங்கள் பக்கத்தில் எழுதுங்கள்.

மனைக்காரர் தை மாதம் வீடு கட்டத் தொடங்குகிறார். 5 அடி தள்ளித்தான் கட்டப்போகிறாராம். தட்டியைக் கழற்ற வேண்டியிருக்கும். அதற்குள் எழுதினால் எனக்கும் உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கும்பகோணம்.